ரேம் வாங்க பஸ் ஏறுவதற்கு முன்: டிசைன் வேலையில் இழுக்கும் கம்ப்யூட்டருக்குப் பிழை பிடிக்கும் வழி

இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் கம்ப்யூட்டர் திருத்துவது என் தொழில். அதற்கு முன்பு சில வருடங்கள் பேனர் அடிக்கும் கடையில் டிசைன் வேலை பார்த்தேன். அதனால் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் அவசரம் எனக்குத் தெரியும். பொகவந்தலாவையில் இருந்து வந்தாலும் மஸ்கெலியாவில் இருந்து வந்தாலும் பேச்சு ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "அண்ணே, போட்டோஷொப் திறந்தா இழுக்குது. எத்தனை ஜிபி ரேம் போடணும்?"

கொட்டகலைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி அந்தக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. நேராகக் கொழும்பு பம்பலப்பிட்டிக்குப் போய் 8 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது மெஷின் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) வாங்கி வந்து மாட்டிவிட்டார். இழுவை அப்படியே இருந்தது. பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார். மெஷினில் இருந்தது எட்டு வருடப் பழைய ஹார்ட் டிஸ்க். ரேம் பாதிகூட நிரம்பவில்லை. டிஸ்க் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ரேமுக்குக் கொடுத்த காசில் எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும்.

டிசைன் மென்பொருள் மெதுவாகிறது என்றால் எங்கோ ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்கிறது. எது எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பர்ஸைத் திறக்க வேண்டும். பாதிப் பேருக்குத் திறக்கவே தேவைப்படாது.

முதலில் ஐந்து நிமிடம்

மெஷின் இழுத்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோர்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் சிபியூ (புரொசசர்), மெமரி (ரேம்), டிஸ்க், ஜிபியூ (கிராஃபிக்ஸ்) என்று வரிசையாகத் தெரியும். வேலையை மூடிவிட்டுப் பார்த்தால் எல்லாம் நல்ல பிள்ளை மாதிரித்தான் இருக்கும். பேனர் திறந்திருக்க வேண்டும், அந்த மெதுவான வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும், அப்போது பார்க்க வேண்டும்.

எது நூறை முட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே முட்டாமல் இழுத்தாலும் அது ஒரு தகவல்தான். வீட்டுப் பிளான் வரையும் ஓட்டோகேட் போன்றவை பெரும்பாலும் புரொசசரின் பல கோர்களில் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளில்) ஒன்றை மட்டும் வைத்தே உழைப்பவை. 8 லொஜிக்கல் புரொசசர் உள்ள மெஷினில் ஒன்று மட்டும் முழு மூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் 12, 13 சதவீதம் என்றுதான் காட்டும். "சிபியூ சும்மா இருக்கு அண்ணே" என்று அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இனி ஆட்கள் சொல்லும் வார்த்தையிலேயே ஒவ்வொன்றாக.

"போட்டதிலிருந்தே எல்லாம் மெதுவு, டிஸ்க் நூறிலேயே நிக்குது"

கொட்டகலைத் தம்பியின் கேஸ் இது. வின்டோஸ் ஏறவே சில நிமிடங்கள், போட்டோஷொப் திறக்க இன்னும் சில நிமிடங்கள், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100. அங்கேயே உங்கள் டிஸ்க் எஸ்எஸ்டியா எச்டிடியா (ஹார்ட் டிஸ்க்கா) என்றும் எழுதியிருக்கும்.

பழைய லெப்டொப் ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படிக்கும்போது விநாடிக்கு ஏறக்குறைய 100 எம்பி தரும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 தரும். ஆனால் உண்மையான வித்தியாசம் அதில் இல்லை. டிசைன் மென்பொருள் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் ஊசி ஒவ்வொன்றுக்கும் நகர்ந்து போக வேண்டும். எஸ்எஸ்டியில் நகர்வதற்கு ஒன்றுமே இல்லை.

மாற்றுவதற்கு முன் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீலத்தில் குட் என்று வந்தால் அவசரமில்லை. மஞ்சளில் கோஷன் என்று வந்தால் எழுந்து போய் முதலில் கல்யாண ஆல்பங்களை வேறு இடத்துக்குக் கொப்பி எடுங்கள். அதன் பிறகு மெதுவைப் பற்றிப் பேசலாம். எங்கள் பக்கம் அடிக்கடி கரண்ட் போய் வருவதால் யூபிஎஸ் (கரண்ட் போனாலும் சற்று நேரம் தாங்கும் பெட்டரிப் பெட்டி) இல்லாத மெஷின்களின் டிஸ்க்கில் இந்த மஞ்சளை நான் நிறையவே பார்க்கிறேன்.

எஸ்எஸ்டி போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதை விளிம்புவரை நிரப்பினால் அதுவும் இழுக்கும். ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்.

"நல்லாத்தான் ஓடுது, அரை மணித்தியாலம் போனா படுத்துருது"

சூடு. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். "நுவரெலியாக் குளிருல சூடா?" என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டே விட்டார். மெஷினைத் திறந்து காட்டினேன், பேச்சை நிறுத்தினார்.

குளிர் ஊரில்தான் சில தவறுகள் கூட நடக்கின்றன. இரவில் கை விறைக்கும்போது லெப்டொப்பைக் கம்பளிக்கு மேல் வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். அடியில் இருக்கும் காற்றுத் துவாரம் முழுக்க அடைபட்டுவிடும். டெஸ்க்டொப் என்றால் தூசி படாமல் இருக்கட்டும் என்று துணி போட்டு மூடி, அந்தத் துணியோடேயே ஓட விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது அடுப்புப் புகை. லயத்து வீட்டில் (தோட்டத்து வரிசை வீட்டில்) விறகடுப்பு எரியும் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷினின் ஃபேனில் சாதாரணத் தூசி இருக்காது. எண்ணெய்ப் பிசுக்கோடு கரி ஒட்டியிருக்கும், ஊதினால் போகாது. தேயிலை ஃபெக்டரி ஒபிஸ் மெஷின் வந்தால் இன்னொரு வகை: சலிக்கும் அறையில் இருந்து பறந்து வரும் பழுப்புப் பஞ்சு, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையில் மெத்தை மாதிரி படிந்திருக்கும். வெளியே 16 பாகையாக இருந்தாலும் அந்த மெத்தைக்கு உள்ளே 95 தான்.

லெப்டொப் புரொசசர்கள் பெரும்பாலும் 95, 100 பாகை செல்சியஸைத் தொட்டதும் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே பார்க்க வேண்டியது சூட்டையும் வேகத்தையும் சேர்த்து. எச்டபிள்யூ இன்ஃபோ அல்லது கோர் டெம்ப் போட்டு, ஒரு பெரிய ஃபில்டரைக் கொடுத்துவிட்டுப் பாருங்கள். சூடு 95ஐ எட்டும் அதே நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் சிபியூ வேகம் 3 சொச்சம் கிகாஹேர்ட்ஸில் இருந்து ஒன்றரைக்கு விழுந்தால் வேறு சந்தேகமே வேண்டாம்.

துப்புரவு செய்யும்போது கரண்டைக் கழற்றுங்கள், பெட்டரி கழற்ற முடிந்தால் அதையும் கழற்றுங்கள். காற்று அடிக்கும்போது ஃபேன் இதழை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுற்ற விட்டால் பெயரிங் போய்விடும். வீட்டு வெக்யூம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், அது உண்டாக்கும் நிலைமின்னால் போர்டு சாகலாம். பிசுக்குக்கு ஐசோபுரொபைல் அல்கஹோலும் பழைய பல் துலக்கியும் போதும். அது முழுக்கக் காய்ந்த பிறகுதான் மூட வேண்டும். நம் ஊரில் மூடுபனி இறங்கும் நாட்களில் காய அதிக நேரம் எடுக்கும், பொறுமையாக இருங்கள். புரொசசருக்கு மேலே இருக்கும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சில வருடத்தில் காய்ந்து மண்ணாகிவிடும். புதிதாக வைப்பதென்றால் பட்டாணி அளவு. பாணுக்கு பட்டர் பூசுவது மாதிரி பூச வேண்டாம்.

இந்த ஒரு துப்புரவால் புது மெஷின் வாங்கும் யோசனையைக் கைவிட்டவர்கள் பலர். எனக்கு அதில் பெரிய வருமானம் இல்லை, அது வேறு கதை.

"இந்த ஒரு பேனர் திறந்தா மட்டும்தான்"

மற்ற ஃபைல்கள் ஓடி, ஒன்று மட்டும் இழுத்தால் குற்றம் மெஷினில் இல்லை, ஃபைலில்தான். கண்ணீர் அஞ்சலிப் பதாகை, கோயில் தேர், பூப்புனித நீராட்டு விழா, மே தினம் என்று எங்கள் ஊரில் பேனருக்குக் குறைவில்லை. பேனர் செய்யும் தம்பிமார் பலரும் செய்யும் தவறு ஒன்றே: எல்லாவற்றையும் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தொடங்குவது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 அடிக்கு 4 அடி பேனர் என்பது 120 அங்குலத்துக்கு 48 அங்குலம். 300 டிபிஐயில் அது 36,000 க்கு 14,400 பிக்சல், அதாவது 51 கோடியே 84 இலட்சம் பிக்சல். அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்வைகேயில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். ஒரே ஒரு லேயர் (அடுக்கு) மட்டும் முழுதாக நிரம்பினால் 2 ஜிபி. அதன் மேல் சாமி படம், பூமாலை, பின்னால் சூரியக் கதிர், எழுத்துக்கு நிழல் என்று பத்து லேயர் ஏற்றினால் 16 ஜிபி ரேமும் முழி பிதுங்கும். சேவ் செய்யப் போனால் போட்டோஷொப் பிஎஸ்டியாகச் சேமிக்கவே மாட்டேன் என்னும், ஏனென்றால் பிஎஸ்டியின் எல்லை ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல். பிஎஸ்பி என்ற பெரிய வகையில்தான் சேமிக்க வேண்டிவரும்.

அதே பேனரை 72 டிபிஐயில் போட்டால் 8,640 க்கு 3,456. ஒரு லேயர் 120 எம்பிக்கும் கீழே. பதினேழு மடங்கு இலேசு.

"அப்ப பிரிண்ட் உடையாதா அண்ணே?" என்று கேட்பீர்கள். பத்தடி தள்ளி நின்று பார்க்கும் நல்ல கண்ணால் ஓர் அங்குலத்தில் சுமார் 30 புள்ளிகளுக்கு மேல் பிரித்துப் பார்க்க முடியாது. பேனரை யாரும் மூக்கை வைத்துப் பார்ப்பதில்லை. ஃப்ளெக்ஸுக்கு 72 இலிருந்து 100 போதும். கையில் பிடித்துப் பார்க்கும் கல்யாண அழைப்பிதழ், ஆல்பம், மரண அறிவித்தல் துண்டுப் பிரசுரம் ஆகியவற்றுக்குத்தான் 300. எழுத்தின் விளிம்பு கூர்மையாக வேண்டும் என்றால் எழுத்தை மட்டும் இலஸ்ட்ரேட்டரிலோ கோரல் ட்ரோவிலோ வெக்டராக (பிக்சலாக அல்லாமல் கோடாக) வையுங்கள்.

ஆல்பம் செய்கிறவர்களுக்கு வேறு கணக்கு. 12 க்கு 36 அங்குல விரிப்பு ஒன்று 300 டிபிஐயில் 10,800 க்கு 3,600 பிக்சல். மூன்று நிற முறையான ஆர்ஜிபியில் லேயர் ஒன்றுக்கு 117 எம்பி. இது சமாளிக்கக்கூடியதுதான். சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஒரே நேரத்தில் பன்னிரண்டு விரிப்பைத் திறந்து வைப்பதில். ஒன்றை முடித்து மூடிவிட்டு அடுத்ததைத் திறங்கள். கமராவில் இருந்து வரும் படத்தை 16 பிட்டில் உள்ளே இழுத்தால் எடை இரட்டிப்பு. ஆல்பத்துக்கு 8 பிட் போதும்.

இலஸ்ட்ரேட்டரில் இதே வியாதி வேறு வேடத்தில் வரும். வெக்டர்தானே என்று நினைப்போம். ஆனால் ட்ரொப் ஷடோ, குளோ, ப்ளர் எல்லாம் உள்ளுக்குள் பிக்சலாகத்தான் கணக்கிடப்படுகின்றன. இஃபெக்ட் மெனுவில் டொகியூமென்ட் ராஸ்டர் இஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ் என்று ஒன்று இருக்கும். பேனர் வேலையில் அதை 72இல் வையுங்கள். படங்களை எம்பெட் செய்யாமல் (ஃபைலுக்குள் புதைக்காமல்) லிங்க் செய்யுங்கள். வேலை நடக்கும்போது கொன்ட்ரோலும் வை (Y) எழுத்தும் அழுத்தினால் வெறும் கோட்டுருவம் மட்டும் தெரியும். பூ வேலைப்பாட்டைத் தெரிவு செய்து நகர்த்த அதைவிட நல்ல வழியில்லை. கோரல் ட்ரோவில் அதற்குச் சமமானது வியூ மெனுவில் வயர்ஃபிரேம்.

இணையத்தில் இறக்கிய கோலம், மயில், தோரணம் போன்ற வெக்டர்களில் ஒரு பொறி உண்டு. படத்தை மென்பொருளாலேயே கோடாக மாற்றி (ஓட்டோ டிரேஸ் செய்து) விற்றிருப்பார்கள். கண்ணுக்கு ஒரு மயில். உள்ளே பல்லாயிரம் புள்ளிகள். சிம்ப்ளிஃபை செய்தால் பாதி குறையும். முடியாவிட்டால் அந்த மயிலை மட்டும் படமாக மாற்றிவிட்டு வேலையைப் பாருங்கள்.

"ஸ்க்ரட்ச் டிஸ்க் ஃபுல்னு வருது, ஆனா நான் ஒண்ணும் சேவ் பண்ணலையே"

ரேம் போதாதபோது போட்டோஷொப் மீதியை டிஸ்க்கில் ஒரு தற்காலிக ஃபைலாகக் கொட்டும். அதற்குப் பெயர்தான் ஸ்க்ரட்ச் டிஸ்க். ஒழுங்காக மூடினால் அந்த ஃபைலைத் தானே அழித்துவிடும். வேலைக்கு நடுவில் கரண்ட் போனால் யார் அழிப்பது? அது அப்படியே கிடக்கும். அடுத்த முறை புதிதாக இன்னொன்று. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்து மெஷின் ஒன்றைத் திறந்தபோது இப்படிப் பிணமாகக் கிடந்த ஃபைல்கள் மட்டும் 60 ஜிபிக்கு மேல் இருந்தன. சி டிரைவ் சிவந்து போயிருந்தது.

போட்டோஷொப்பை மூடுங்கள். வின்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் அழுத்தி, வரும் பெட்டியில் இரண்டு சதவீதக் குறிக்கு நடுவில் டெம்ப் என்று ஆங்கிலத்தில் (%temp%) அடித்து என்டர் கொடுங்கள். அந்தக் கோப்புறையில் 'போட்டோஷொப் டெம்ப்' என்று தொடங்கி எண்களோடு முடியும் பெரிய ஃபைல்கள் இருக்கும். அழித்துவிடலாம். போட்டோஷொப் திறக்கவே முடியாமல் இதே செய்தி வந்தால், திறக்கும்போது கொன்ட்ரோலும் ஓல்ட்டும் அழுத்திக்கொண்டிருங்கள். ஸ்க்ரட்ச் டிஸ்க்கை வேறு டிரைவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கும்.

உண்மையில் ரேம் போதவில்லையா என்று அறிய இங்கேதான் நல்ல வழி இருக்கிறது. போட்டோஷொப் ஜன்னலின் கீழே இடப்பக்கத்தில் உள்ள சிறு அம்பைத் தட்டி எஃபிஷியன்சி என்பதைத் தெரிவு செய்யுங்கள். வேலை செய்யும்போது அது 100 இலேயே நின்றால் ரேம் போதும், புதிதாக வாங்குவது வீண் செலவு. 80, 70 என்று இறங்கிக்கொண்டே போனால் மட்டும் ரேம் வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன்னும் சில திருகாணிகள் இருக்கின்றன. பிரிஃபரன்ஸில் பெர்ஃபோர்மன்ஸ் பக்கத்தில் ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் 50 என்று இருக்கும், 20 ஆக்குங்கள். ஐம்பது அடி பின்னால் போகிறவர் யாரும் இல்லை. மெமரி பங்கு 70 சதவீதமாக இருக்கும். வேறு எதுவும் திறக்காத மெஷின் என்றால் 80 வரை ஏற்றலாம். 100க்கு ஏற்றினால் வின்டோஸுக்கு மூச்சு முட்டி முன்பைவிட மோசமாகும். நடுநடுவே எடிட், பர்ஜ், ஆல் கொடுத்தால் கழிவு வெளியேறும். அதற்குப் பிறகு அன்டூ இல்லை என்பதை மறக்க வேண்டாம். குரோமில் இருபது டெப், பக்கத்தில் வட்ஸ்அப், யூடியூப்பில் பாட்டு, இவை 8 ஜிபி மெஷினில் போட்டோஷொப்பின் சாப்பாட்டில் கை வைக்கின்றன.

"பிரஷ் இழுத்தா கோடு பின்னால வருது, ஸூம் பண்ணா நடுங்குது"

டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடப்டர்ஸ் பாருங்கள். மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்டர் என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரே இல்லை; வின்டோஸ் புதிதாகப் போட்ட மெஷின்களில் அடிக்கடி இப்படி. தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து டிரைவரை இறக்கிப் போடுங்கள். என்விடியா என்றால் ஸ்டூடியோ டிரைவர் என்று தனியாக உண்டு, டிசைன் வேலைக்கு அதுதான் பொருத்தம். இரண்டு ஜிபியூ உள்ள லெப்டொப்பில், செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்று போய் போட்டோஷொப்புக்கு ஹை பெர்ஃபோர்மன்ஸ் கொடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் நடுங்கினால் மறுபக்கம் திரும்புங்கள்: பழைய ஜிபியூக்களில் போட்டோஷொப் பிரிஃபரன்ஸில் உள்ள கிராஃபிக்ஸ் புரொசசர் என்ற சரிக் குறியை எடுத்துவிட்டால் வேகமாக ஓடுவதும் உண்டு. இலஸ்ட்ரேட்டரில் கொன்ட்ரோலும் ஈ (E) எழுத்தும் அதே வேலையைச் செய்யும். போட்டுப் பார்த்து, எடுத்துப் பார்த்து முடிவு செய்வதுதான்.

"சார்ஜர் மாத்தினதிலிருந்து"

இந்த வார்த்தையைக் கேட்டால் நான் வேறு எதையும் தேட மாட்டேன். டாஸ்க் மேனேஜரில் சிபியூ பக்கத்தில் ஸ்பீட் பாருங்கள். என்ன வேலை கொடுத்தாலும் 0.79 கிகாஹேர்ட்ஸ் அல்லது அதற்குக் கிட்ட ஓர் எண்ணில் ஆணி அடித்த மாதிரி நின்றால், லெப்டொப் அந்த சார்ஜரை அடையாளம் காணவில்லை. சில லெப்டொப்கள் தெரியாத சார்ஜரை நம்பாமல் புரொசசரை அடித்தளத்துக்கு இறக்கிவிடும். சரியான வோட் அளவுள்ள சரியான சார்ஜரைக் கடன் வாங்கிச் சொருகிப் பாருங்கள். சார்ஜர் பின் உடைந்திருந்தாலும் இதே கதைதான்.

இதோடு சேர்த்து ஒரு நம்பிக்கையையும் உடைத்துவிடுகிறேன். "எங்க தோட்டத்துல கரண்ட் குறைவு, அதான் கம்ப்யூட்டர் மெதுவு" என்பார்கள். பல்பு மங்கலாம், கம்ப்யூட்டர் மெதுவாகாது. அதன் பவர் சப்ளை 230 வோல்ட் கொஞ்சம் இறங்கினாலும் உள்ளே 12 வோல்டைச் சரியாகவே கொடுத்துக்கொண்டிருக்கும்; முடியாத கட்டத்தில் ஒரேயடியாக விட்டுவிடும். ஆகவே குறைந்த கரண்டின் அறிகுறி ரீஸ்டார்ட் ஆவது, இழுப்பது இல்லை. ரீஸ்டார்ட் ஆகிறவர்கள் வோல்டேஜைத் தானே சரிசெய்யும் யூபிஎஸ் ஒன்று பாருங்கள். கரண்ட் இல்லாமல் பெட்டரியில் ஓடும் லெப்டொப் மட்டும் விதிவிலக்கு. அது சேமிப்புக்காக வேண்டுமென்றே மெதுவாகும்.

"திறக்கவே அஞ்சு நிமிஷம், திறந்த பிறகு பரவாயில்லை"

இரண்டு இடம் பாருங்கள். ஒன்று எழுத்துரு. தமிழுக்குப் பாமினி வகையறா, சிங்களத்துக்கு எஃப்எம் வகையறா, ஆங்கிலத்துக்கு யாரோ பென் டிரைவில் கொடுத்த மூவாயிரம் என்று மும்மொழி வேலை செய்கிறவர்களின் ஃபொன்ட் கோப்புறை வீங்கிக் கிடக்கும். கோரல் ட்ரோவும் இலஸ்ட்ரேட்டரும் திறக்கும்போது அத்தனையையும் எண்ணிப் பார்க்கின்றன. மாதத்தில் பயன்படுத்தும் ஐம்பது அறுபதை விட்டுவிட்டு மற்றதை வேறு கோப்புறைக்கு மாற்றுங்கள். அழிக்க வேண்டாம், பழைய வாடிக்கையாளரின் ஃபைல் வந்து பாமினி இல்லாமல் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

மற்றது பிரிண்டர். டீஃபோல்ட் பிரிண்டர் பழைய கடையின் நெட்வேர்க் பிரிண்டராக இருந்தால், கோரல் ட்ரோ திறக்கும்போது இல்லாத அந்தப் பிரிண்டரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காத்திருக்கும். பிடிஎஃப் பிரிண்டரை டீஃபோல்ட் ஆக்கிப் பாருங்கள். முப்பது விநாடி வேலை, பலருக்கும் இதுவே போதுமாக இருந்திருக்கிறது.

"சேவ் குடுத்துட்டுப் போய் பிளேன்டீ குடிச்சிட்டு வரலாம்"

பென் டிரைவில் இருந்தபடியே ஃபைலைத் திறந்து வேலை செய்கிறீர்களா? செய்யாதீர்கள். உள்ளே கொப்பி எடுத்து, முடித்து, திரும்பக் கொப்பி எடுங்கள். டெஸ்க்டொப்பில் சேமிக்கிறீர்களா? வன்டிரைவ் அந்த டெஸ்க்டொப்பையே இணையத்துக்கு ஏற்றும்படி அமைந்திருக்கலாம். டொங்கிள் டேட்டாவில் 900 எம்பி பேனர் ஒவ்வொரு சேவுக்கும் மேலே ஏறுகிறது, டேட்டாவும் தீர்கிறது. டி டிரைவில் தனிக் கோப்புறை போடுங்கள். இலஸ்ட்ரேட்டரில் சேமிக்கும்போது கிரியேட் பிடிஎஃப் கம்பேட்டிபிள் ஃபைல் என்ற குறியை எடுத்தால் நேரமும் எடையும் குறையும். கடைசியாகப் பிரிண்டுக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் திரும்பப் போடுங்கள்.

"ஒண்ணும் செய்யாமலே ஃபேன் கத்துது"

வின்டோஸ் அப்டேட் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கொஞ்சம் சங்கடமான கேள்வி: மென்பொருள் எங்கே வாங்கினீர்கள்? கிரெக் செய்த பிரதிகளை நிறுவும்போது "என்டிவைரஸை நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லும். நாமும் நிறுத்துவோம். சிலவற்றில் உங்கள் மெஷினை வைத்து யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒளிந்திருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் ஓடி ஒளிந்து, மூடியதும் திரும்ப வருபவையும் உண்டு. டாஸ்க் மேனேஜர் திறந்ததும் ஃபேன் அமைதியானால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வின்டோஸ் டிஃபென்டரில் ஓஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். பிடிபட்டால் வின்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது. காசு கொடுத்து வாங்க வசதியில்லாதவர்களுக்கு இன்க்ஸ்கேப், கிம்ப், கிரீட்டா மூன்றும் இலவசம். அழைப்பிதழும் பேனரும் அவற்றிலேயே செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

"சேர்வேயர் பிளான் உள்ள வச்சா ஓட்டோகேட் அசையமாட்டேங்குது"

வீட்டுப் பிளான் வரையும் தம்பிமாருக்கு. நம் நாட்டு நில அளவை ஆயங்களின் (இடத்தைக் குறிக்கும் எண்களின்) தொடக்கப் புள்ளி நம் தலைக்கு மேலேயே இருக்கிறது: 2,524 மீற்றர் உயரப் பிதுருதலாகலை. 1999 கட்டமைப்பில் அந்தப் புள்ளிக்குக் கொடுத்த எண் பூச்சியம் இல்லை, கிழக்கே 5,00,000 மீற்றர், வடக்கே 5,00,000 மீற்றர். ஆகவே மலையகத்துக் காணி எதை எடுத்தாலும் அந்த ஐந்து இலட்சத்துக்கு அக்கம்பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அதை மில்லிமீற்றரில் வரையும் உங்கள் பிளானுக்குள் கொண்டுவந்தால் எண்கள் 50 கோடியைத் தொடும். பூச்சியத்தில் இருந்து அவ்வளவு தூரம் போனால் ஓட்டோகேட்டின் கணக்கில் நுணுக்கம் குறையும். கோடு நடுங்கும், ஹச் (உள்நிரப்புக் கோடு) நிரம்பாது, ஸ்னெப் (புள்ளியில் ஒட்டுவது) பிடிக்காது, ஒவ்வொரு ஸூமுக்கும் ரீஜெனரேட் ஆகும் (திரும்ப வரையப்படும்).

சேர்வேயர் தந்த மூலத்தைத் தொடாதீர்கள். அதில் உங்களுக்கு வேண்டிய எல்லைக்கற்களையும் ரோட்டையும் மட்டும் புது ஃபைலுக்கு எடுத்து, ஒரு மூலைக் கல்லைப் பூச்சியத்துக்கு நகர்த்தி, எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதை அதே வரைபடத்தில் எழுதி வையுங்கள். 7 பேர்ச் காணியில் வீடு கட்ட முழுத் தோட்டத்தின் கொன்டூரும் தேவையில்லை. பிறகு பிழை திருத்தும் ஓடிட், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்கும் ஓவர்கில், பயன்படாதவற்றை நீக்கும் பர்ஜ் மூன்றையும் அந்த வரிசையில் ஓட விடுங்கள். பர்ஜுக்கு முன்னால் ஒரு சிறு கோடு போட்டு அடித்தால் ரெக்ஆப்ஸ் (மற்ற மென்பொருள்கள் விட்டுச்சென்ற பதிவுப் பெயர்கள்) என்ற தெரிவும் வரும். கை மாறிக் கை மாறி வந்த பிளான்களில் அந்தக் குப்பைதான் மலையாகக் குவிந்திருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் செலவு செய்யத்தான் வேண்டும் என்றால், ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் மெஷினுக்கு எஸ்எஸ்டி முதலில். எஃபிஷியன்சி இறங்குகிறவர்களுக்கு அடுத்ததாக ரேம். இன்றைய போட்டோஷொப் குறைந்தது 8 கேட்கிறது, 16 இருந்தால் நிம்மதி. கரண்ட் அடிக்கடி போகும் இடம் என்றால் இரண்டுக்கும் முன்னால் யூபிஎஸ். ரேம் வாங்கப் போகும் முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: எத்தனை ஸ்லொட் (ரேம் மாட்டும் இடம்), எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம், எல்லாம் அதில் இருக்கும். டிடிஆர் 3 வகை ரேம் போடும் மெஷினுக்கு டிடிஆர் 4 வாங்கிக்கொண்டு ஹட்டன் வரை வந்துவிட்டுத் திரும்பக் கொழும்புக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். கிராஃபிக்ஸ் கார்ட் தனியாக இல்லாத மெஷின் என்றால் ஒரே 16ஐவிட இரண்டு 8 நல்லது. உள்ளிருக்கும் கிராஃபிக்ஸும் அதே ரேமில்தான் சாப்பிடுகிறது, இரண்டு பாதையில் வந்தால் சீக்கிரம் கிடைக்கும். மாட்டியதும் டாஸ்க் மேனேஜரில் ஸ்லொட் இரண்டில் இரண்டு என்று காட்டுகிறதா என்று கடையில் வைத்தே பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.